கஞ்சாச் செடியைத் தேடித் தாய்லாந்து போகிறவருக்கு

"தாய்லாந்தில் கஞ்சாவுக்குத் தடை இல்லையாமே?" பாங்காக்குக்கு டிக்கெட் போட்டவுடன் பலர் கேட்கும் கேள்வி இது. 2022-இல் கேட்டிருந்தால் கிட்டத்தட்ட ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இன்று அப்படிச் சொல்ல முடியாது. எப்போதோ போய்வந்த நண்பரின் கதையை நம்பிப் பெட்டி கட்டினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

அப்படியென்ன மாறியது? 1930-களில் தனிச் சட்டம் போட்டுத் தடுக்கப்பட்ட செடி இது. 2018 டிசம்பரில் மருத்துவப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. தென்கிழக்கு ஆசியாவில் அப்படி அனுமதித்த முதல் நாடு தாய்லாந்து. 2022 ஜூன் 9 அன்று போதைப்பொருள் பட்டியலிலிருந்தே செடியை எடுத்துவிட்டார்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த அனுதின் சார்ன்விரகுல்தான் இதை முன்னின்று நடத்தினார். வீட்டில் வளர்க்கச் சொல்லி அரசே கன்றுகளை இலவசமாகக் கொடுத்தது.

ஆனால் யார் விற்கலாம், யாருக்கு விற்கலாம் என்று வகுக்கும் முழுமையான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவே இல்லை. தடை போன இடத்தில் போதிய விதி வரவில்லை. கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. பிள்ளைகள் கைக்குப் போகிறது, வெளிநாடுகளுக்குக் கடத்தப்படுகிறது என்று தாய்லாந்து மக்களே குரல் எழுப்பினார்கள். 2025 ஜூன் இறுதியில் புதிய ஆணை வந்தது. கஞ்சாப் பூவை வாங்க இப்போது மருத்துவச் சீட்டு வேண்டும். ஒரு சீட்டில் 30 நாள் தேவைக்கு மேல் எழுத முடியாது.

ஊரிலிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு போனால் ஆகாதா? ஆகாது. தாய்லாந்தில் உரிமம் பெற்ற மருத்துவரோ, பாரம்பரிய வைத்தியரோ, அதற்கு அனுமதி உள்ள வேறு நிபுணரோ எழுதித் தந்ததுதான் செல்லும். 20 வயதுக்குக் குறைந்தவருக்கும், கர்ப்பிணிக்கும், தாய்ப்பால் கொடுப்பவருக்கும் விற்கக் கூடாது என்ற விதி முன்பே உண்டு. சீட்டே கேட்காமல் எடுத்து நீட்டும் கடை உங்களுக்குச் சலுகை செய்யவில்லை, சட்டத்தை மீறுகிறது. நீங்களும் அதில் பங்காளி ஆகாதீர்கள்.

தெருவில், கடற்கரையில் புகைக்கலாமா? கூடாது. பொது இடத்தில் புகையும் நாற்றமும் பிறருக்குத் தொல்லை என்று புகார் போனால் மூன்று மாதம் வரை சிறை, 25,000 பாட் வரை அபராதம். ஹோட்டல் அறையும் பெரும்பாலும் புகைக்கு மூடிய இடம்தான். மின்புகைக் கருவிக்கு (வேப் என்கிறார்களே, அது) தாய்லாந்தில் தனியாகவே தடை இருக்கிறது. அதைப் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள்.

இனி, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று. "அங்கே சட்டம் அனுமதித்தால் இங்கே யார் கேட்கப்போகிறார்கள்?" என்று நினைப்பீர்கள். நம் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இந்தியாவுக்கு வெளியே இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்று அதன் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. கஞ்சா உட்கொள்வதற்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாங்காக் மருத்துவர் கொடுத்த சீட்டு தாய்லாந்துச் சட்டத்திலிருந்துதான் உங்களைக் காக்கும்.

அதே சட்டம் கஞ்சா என்று எதைச் சொல்கிறது என்பதையும் பாருங்கள். செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப் பகுதிதான் கஞ்சா. அந்த நுனி சேராத தனி இலையும் விதையும் அதில் அடங்காது. தாய்லாந்தின் 2025 ஆணையும் பூவைத்தான் குறிவைக்கிறது. இந்த வேறுபாடு உங்கள் பயணத்துக்கு ஒரு நல்ல வழியைத் திறக்கிறது. தாய்லாந்து மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்தச் செடியோடு வாழ்ந்த இடங்கள் அடுப்படி, மருந்துப் பெட்டி, தறி என்று மூன்று. மூன்றிலும் பூவைத் தொடாமலே நிறையப் பார்க்கலாம். பாங்காக்கின் காவ்சான் சாலையிலுள்ள பச்சை விளக்குக் கஞ்சாக் கடைகள் நேற்று வந்தவை. விடுமுறை முழுவதையும் அங்கேயே கழிப்பது பெரிய நஷ்டம் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுப்படியில் என்ன இருக்கிறது? கோழிக் குழம்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் ஓரிரண்டு இலை போடுவது கிராமத்துப் பழைய வழக்கம். நாம் கறிவேப்பிலை போடுகிற மாதிரி சுவைக்காகத்தான். பச்சை இலையில் போதை தரும் டிஎச்சி (கஞ்சாவில் தலையைச் சுற்றவைக்கும் வேதிப்பொருள்) மிகக் குறைவு. இருந்தாலும் கொழுப்போடு சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் அது கூடும், ஆளுக்கு ஆள் விளைவும் மாறும். பாங்காக்குக்குக் கிழக்கே பிராச்சின்புரியில் சாவ் பிரயா அபைபூபேத் என்ற அரசு மருத்துவமனை மூலிகை மருத்துவத்துக்குப் பேர்போனது. அதன் வளாகத்து உணவகம் 2021-இல் கஞ்சா இலைச் சமையலைப் பட்டியலிட்டுப் பரிமாறியது நாடெங்கும் பேச்சானது. எங்கே சாப்பிட்டாலும் "இலை மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பிஸ்கட், பிரவுனி, கம்மி மிட்டாய் வகையைத் தொடாதீர்கள். அவற்றில் பூவின் சாறு இருக்கலாம். தின்ற உடனே ஒன்றும் தெரியாது, ஒரு மணி, இரண்டு மணி கழித்துத்தான் ஏறும். அதற்குள் "ஒன்றும் ஆகவில்லையே" என்று இன்னொன்றைத் தின்றவர்கள்தான் படபடப்போடு மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

மருந்துப் பெட்டி தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. 17-ஆம் நூற்றாண்டில் அயுத்தயாவை ஆண்ட நாராய் மன்னர் காலத்து மருந்துச் சுவடியில் 'சுக் சைய்யாத்' என்ற சூரணம் இருக்கிறது. பசி எடுக்கவும் நல்ல தூக்கம் வரவும் கொடுப்பது. பன்னிரண்டு சரக்கு, ஒன்று முதல் பன்னிரண்டு பங்கு வரை படிப்படியாக ஏறும். கற்பூரம் ஒரு பங்கில் தொடங்கி, வேப்பிலை, கருஞ்சீரகம், ஜாதிக்காய், நாகப்பூ என்று போய், மிளகு ஒன்பது, சுக்கு பத்து, திப்பிலி பதினொன்று, கடைசியாகக் கஞ்சா இலை பன்னிரண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் அடுத்தடுத்து நிற்பதைப் பாருங்கள். நம் நாட்டுமருந்துக் கடைக்காரர் இந்தப் பட்டியலைப் படித்தால் பாதிக்கு மேல் தன் டப்பாவிலேயே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இந்த மருத்துவ மரபைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? பாங்காக்கின் வாட் போ கோயிலுக்குப் போங்கள். கிடந்த கோல புத்தரைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராமா மன்னர் மருந்துக் குறிப்புகளையும், உடம்பில் எங்கே அழுத்தினால் எந்த வலி போகும் என்ற படங்களையும் கல்லில் பொறித்து வைத்தார். ஏட்டில் எழுதிப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் வந்து படிக்கட்டும் என்று செய்த வேலை. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இக்கல்வெட்டுகள் இடம்பெற்றிருக்கின்றன. தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள். போதையோடு மட்டும் எந்தக் கோயிலுக்குள்ளும் நுழையாதீர்கள். மயக்கம் தருவதைத் தவிர்ப்பது பௌத்தரின் ஐந்து ஒழுக்கங்களில் ஒன்று, அங்குள்ளவர்கள் அதை மனதார மதிக்கிறார்கள்.

தறியைப் பார்க்க வடக்கே, சியாங்மாய் பக்கத்து மலைகளுக்குப் போக வேண்டும். அங்கே மோங் இனப் பெண்கள் சணல் போன்ற நார் தரும் கஞ்சா வகையை (போதை மிகக் குறைந்த, நாருக்காகவே வளர்க்கும் வகை) பயிரிட்டு நெய்கிறார்கள். தண்டை வெட்டிக் காயவைத்து, பட்டையை நகத்தால் மெல்லிய இழையாகக் கிழித்து, ஓர் இழையின் நுனியை அடுத்ததோடு முடிச்சில்லாமல் முறுக்கி இணைத்துக்கொண்டே போகிறார்கள். நடந்துபோகும்போதும் பேசும்போதும் கை அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். நெய்த துணியை உருளையில் சுற்றி, மேலே கனத்த கல்லை வைத்து, அதன்மேல் ஏறி நின்று இரண்டு காலாலும் அசைத்து அசைத்து வழவழப்பாக்குவார்கள். பிறகு தேன்மெழுகால் கோலம் இழுத்து அவுரி நீலத்தில் முக்குவார்கள். இறந்தவருக்கு இந்த நார்த்துணி உடுத்தி அனுப்பினால்தான் முன்னோர் அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்வார்கள் என்பது மோங் நம்பிக்கை. சியாங்மாயை ஒட்டிய தோய்புய் கிராமத்தில் மோங் குடியிருப்பையும் துணிக் கடைகளையும் பார்க்கலாம்.

சரி, திரும்பும் வழி. இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். கஞ்சாவை ஒரு துளிகூடத் தாய்லாந்திலிருந்து எடுத்து வரக் கூடாது. சீட்டோடு வாங்கிய பூவும் இதில் அடக்கம். பாங்காக் விமானங்களில் வரும் 'ஹைட்ரோபோனிக்' கஞ்சா (மண்ணில்லாமல் சத்து நீரில் வளர்த்தது) சென்னை உட்படப் பல இந்திய விமான நிலையங்களில் பிடிபடுவதால், அந்த விமானத்தில் இறங்குபவர்களின் பெட்டிமேல் சுங்கத்துறையின் கண் இருக்கும்.

"கொஞ்சம்தானே?" ஒரு கிலோவுக்குக் குறைவானது நம் சட்டத்தில் 'சிறு அளவு'. அதற்கே ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைத் தாண்டினால் பத்தாண்டு வரை. இருபது கிலோவையும் தாண்டினால் குறைந்தது பத்து, அதிகபட்சம் இருபது ஆண்டு. கஞ்சா எண்ணெய், பிசின் போன்றவை 'சரஸ்' வகையில் வரும். அவற்றுக்குச் 'சிறு அளவு' 100 கிராம்தான். தண்டனை சிறிதாக இருந்தாலும் கைது, வழக்கு, வேலை, அடுத்த விசா என்று இழுபறி பல ஆண்டு நீளும்.

'குருவி' வேலைக்கு ஆள் பிடிப்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை. டிக்கெட் இலவசம், ஹோட்டல் இலவசம், வரும்போது ஒரு பை கொண்டுவந்தால் போதும் என்பார்கள். உணவுப் பொட்டலம், சாக்லேட், பொம்மை என்று சொல்வார்கள். உங்கள் பெயரில் பதிவான பையில் இருப்பது தெரிந்தே வைக்கப்பட்டது என்றுதான் நீதிமன்றம் முதலில் கொள்ளும். தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

சிங்கப்பூர் வழியாகத் திரும்பலாமா? திரும்பலாம், பெட்டி சுத்தமாக இருந்தால். அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தியதாகத் தீர்ப்பானால் தண்டனை மரணம், அரிதான விதிவிலக்கு தவிர. தங்கராஜு சுப்பையா என்ற சிங்கப்பூர்த் தமிழர் ஏறத்தாழ ஒரு கிலோ கஞ்சாவைக் கடத்தச் சதியில் சேர்ந்ததாக 2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் மேலே சொன்ன இலைச் சமையலும் வேண்டாம். வெளிநாட்டில் உட்கொண்டாலும் அங்கே குற்றம்தான், திரும்பி வரும்போது சோதனையும் செய்வார்கள். கஞ்சாவின் தடயம் சிறுநீரில் சில நாளும், வழக்கமாகப் பயன்படுத்துபவருக்குச் சில வாரமும் நிற்கும். மலேசியாவில் 200 கிராம் வைத்திருந்தாலே கடத்தல் என்று கொள்வார்கள். கட்டாய மரண தண்டனை 2023-இல் நீங்கியது, மரண தண்டனை நீங்கவில்லை.

அப்படியானால் எதைத்தான் வாங்கி வருவது? மோங் நார்த்துணியைத் தாராளமாக வாங்கலாம். அது நூலும் நெசவும்தான், பூ இல்லை. பில்லைப் பத்திரமாக வையுங்கள். கடைசி நாள் இரவு பைகளின் எல்லா அறைகளையும், சட்டைப் பாக்கெட்டுகளையும், ஒருமுறை கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். விடுதியில் பலரோடு அறையைப் பகிர்ந்திருந்தால் பெட்டியை நீங்களே அடுக்கி, நீங்களே பூட்டி, விமான நிலையம் வரை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.