புதிய துவக்கும் அதற்குரிய தோட்டாவும்

வல்வெட்டித்துறையிலும் அதனை அடுத்த வடமராட்சிக் கிராமங்களிலும் வெங்காயம், மிளகாய், கத்தரி முதலியன பயிரிடும் தோட்டக்காரருக்குத் துவக்கினால் ஆகும் வேலை மிகக் குறைவு. காகத்தையும் கிளியையும் வலையாலும் தகர ஓசையாலும் ஓட்டிவிடலாம். குடாநாட்டுக்கு வெளியே, வன்னிப் பக்கத்தில் வயல் வைத்திருப்போர் நிலை வேறு. கதிர் பால்கட்டும் வேளையில் காட்டுப்பன்றிகள் இறங்கினால் தின்பதிலும் மிதித்து அழிப்பது அதிகம். அத்தகைய கமக்காரர் அனுமதிப்பத்திரம் பெற்று முதன்முறையாக ஒரு துவக்கை வாங்கும்போது, அதன் விலையையும் உறுதியையும் விசாரிக்கும் அளவுக்குத் தோட்டாவைப் பற்றி விசாரிப்பதில்லை. தோட்டா உள்ளே போகின்றதா என்று பார்ப்பதோடு அமைகின்றனர். உள்ளே போகும் தோட்டாவெல்லாம் பொருந்தும் தோட்டா அன்று. குழல் வெடித்து விரலும் கண்ணும் போவதற்கு இத்தவறு ஒரு முக்கிய காரணமாகும்.

பயிர்ப் பாதுகாப்புக்குப் பெரும்பாலும் வழங்குவது 12 போர்த் துவக்கு. ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் குறுக்களவே இக்குழலின் துளை. அஃது ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். 20 போர் என்பது 20 உருண்டைகளாக்கிய கணக்கு, துளை 15.6 மில்லிமீற்றர். ஆகவே எண் கூடக் குழல் சிறுக்கும். இதனை மாறி விளங்கிக்கொள்வோர் பலர்.

20 போர்த் தோட்டாவை 12 போர்த் துவக்கில் இட்டால் அது பின்புறத்தில் நில்லாது, உள்ளே வழுகிக் குழல் ஒடுங்கும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். பார்ப்பவருக்குத் தோட்டா அறை வெறுமையாகவே தோன்றும். துவக்கு வெடிக்கவில்லையே என்று எண்ணி அதன் பின்னால் ஒரு 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டால், முன்னே அடைத்து நிற்பது காரணமாகக் குழல் பிளந்துவிடும். முன்கையால் குழலைத் தாங்கும் இடத்துக்கு அருகிலேயே இப்பிளவு நேரும். இதனைத் தடுக்கவே தயாரிப்பாளர் பெரும்பாலும் 20 போர்த் தோட்டாவின் உறைக்கு மஞ்சள் நிறம் இடுகின்றனர். வீட்டில் இருவகைத் துவக்குகளும் இருப்பின் தோட்டாக்களை ஒரே பையில் வைத்தல் ஆகாது.

அடுத்துக் கவனிக்கத் தக்கது தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றின் அறை 2½ அங்குலம், வழக்கில் 65 மில்லிமீற்றர் எனப்படும். இக்காலத்தில் பரவலாக விற்பனையாவது 2¾ அங்குலம், அதாவது 70 மில்லிமீற்றர்த் தோட்டா. 3 அங்குலத் தோட்டாவும் உண்டு. 70 மில்லிமீற்றர்த் தோட்டா 65 மில்லிமீற்றர் அறையினுள் எளிதாகப் போய்விடும். காரணம், பெட்டியில் எழுதப்படும் நீளம் சுட்டபின் வாய் விரிந்த உறையின் நீளமாகும். சுடுமுன் வாய் மடிந்திருப்பதால் தோட்டா குறுகியே இருக்கும். சுடும்போது மடிப்பு விரிந்து ஒடுங்கிய இடத்துள் புகுந்து வழியை நெருக்க, உள்ளே அழுத்தம் மிகும். குறுகிய அறைக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளரே பெட்டியில் அச்சிட்டிருந்தாலன்றி நீளமான தோட்டாவை அதில் இடலாகாது. நீண்ட அறையில் குறுகிய தோட்டாவை இடுவதால் இத்தகைய ஆபத்து இல்லை.

துளையும் அறையின் நீளமும் பெரும்பாலும் குழலின் அடிப்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இலண்டன், பேமிங்ஹாம் சோதனைச் சாலைகளின் முத்திரைகளும் அங்கேயே காணப்படும். தந்தை, பாட்டன் வழி வந்த துவக்காயின், அது கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதா, புகையற்ற மருந்துக்கும் சோதிக்கப்பட்டதா என்பதை அறிதல் அவசியம். குழலின் மேல் பின்னலிட்டாற்போன்ற வரி தெரியுமாயின், இரும்பும் உருக்கும் முறுக்கிச் செய்த பழைய குழல் அது. முத்திரையைப் படித்தறியும் துவக்குத் தொழிலாளி பார்த்துச் சொல்லும்வரை அதில் இக்காலத் தோட்டாவைச் சுடுவது பேதைமை. உருக்குச் சன்னம் இட்ட தோட்டாவும் பழைய குழலுக்கு ஏற்றதன்று.

சன்னத்தின் அளவு வேலைக்கு ஏற்ப அமையும். ஆங்கிலக் கணக்கில் 6ஆம் இலக்கச் சன்னம் ஓர் அவுன்சுக்கு 270, எஸ்.ஜீ. சன்னமோ 8 மட்டுமே. பன்றிக்கு எஸ்.ஜீ. உரியது. ஆயின் அதன் ஒரு சன்னம் 600 மீற்றருக்கு அப்பாலும் செல்லக்கூடும். வீடும் ஒழுங்கையும் நெருங்கிய வல்வெட்டித்துறை போன்ற ஊரில் அதற்கு இடமே இல்லை.

றைபிளுக்கு அனுமதி பெற்றோர் இன்னும் நுட்பமாக நோக்க வேண்டும். .22 என்ற ஒரே எண்ணின் கீழ்ப் பல தோட்டாக்கள் உண்டு. ‘லோங் றைபிள்’ உறை 15.6 மில்லிமீற்றர் நீளம். ‘மக்னம்’ உறை 26.8 மில்லிமீற்றர், பருமனும் கூடியது. முன்னதை மக்னம் றைபிளில் இட்டால் தளர்வாக நின்று, சுடும்போது உறை கிழிந்து வாயு சுடுபவர் முகத்தை நோக்கி வரக்கூடும். குழலில் எழுதிய பெயர் முழுவதும் தோட்டாப் பெட்டியின் பெயரோடு ஒத்திருக்க வேண்டும். இச்சிறு குண்டும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் செல்ல வல்லது.

2009இல் முடிந்த போரின் பின்னும் வடபகுதி நிலங்களில் உழும்போதும் கிணறு இறைக்கும்போதும் பழைய ரவைகள் அகப்படுவதுண்டு. அவை எந்தப் பயிர்த் துவக்குக்கும் உரியன அல்ல. 7.62 என்ற ஒரே எண்ணில் 39, 51, 54 மில்லிமீற்றர் உறைகள் இருக்கின்றன. அவற்றைத் தொடாது, இடத்தை அடையாளமிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவித்தல் வேண்டும்.

1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். தோட்டா வாங்கச் செல்லும்போது அனுமதிப்பத்திரத்தோடு, குழலில் உள்ள எழுத்துக்களையும் ஒரு தாளில் பெயர்த்து எடுத்துச் செல்வது நன்று.

கடற்காற்றில் பித்தளை அடி பச்சை பூக்கும்; காகித உறை ஈரத்தால் ஊதும். அத்தகைய தோட்டாவை அடுப்படியில் காயவைத்தோ எண்ணெய் பூசியோ பயன்படுத்தலாகாது. உலர்ந்த பெட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாதவாறு, துவக்கினின்றும் வேறாகப் பூட்டி வைத்தல் வேண்டும்.

நெடுநாள் சுவரில் சார்த்தி வைத்த குழலுள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். சரியான தோட்டாவும் அந்நிலையில் குழலைப் பிளக்கும். ஆதலால் சுடுமுன் துவக்கைத் திறந்து, தோட்டா இல்லையென்று கண்டபின், குழலூடாக வெளிச்சம் பார்க்க வேண்டும். விசையை இழுத்தும் வெடியாவிடில், குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடம் பொறுத்தபின்பே திறக்கலாம். ஓசை வழக்கத்திலும் தாழ்ந்து கேட்டால், சன்னமோ தக்கையோ உள்ளே தங்கியிருக்கக்கூடும். மீண்டும் குழலைப் பார்த்த பின்னரே அடுத்த தோட்டாவை இட வேண்டும்.