பெருமையோடு சொல்லும்போது

ஆங்கிலத்தில் 'பிரவுட்லி' ஒரு வினையுரிச்சொல். ஒரு செயல் பெருமிதத்தோடு நடக்கிறது என்பதைக் காட்டுவது. தமிழில் பெருமையாக, பெருமையுடன், பெருமிதத்தோடு என்று சொல்லலாம். இடத்தைப் பொறுத்துச் 'செருக்கோடு' என்ற பொருளும் வரும். யார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, திண்டுக்கல் பூட்டைப் பார்ப்போம். அதற்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரும்புத் தகட்டை வெட்டி, அரத்தால் அராவி, உள்ளே நெம்புகோல்களைப் பொருத்திக் கையாலேயே செய்யும் பூட்டு அது. சாவியைத் திருப்பும்போது எல்லா நெம்புகோல்களும் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் பூட்டு திறக்கும். "வேற சாவிக்கு இது அசையாதுங்க" என்று ஒரு பூட்டுத் தொழிலாளி பெருமையாகச் சொன்னால், அந்தப் 'பெருமையாக'தான் 'பிரவுட்லி'. பூட்டின் தன்மையை அன்று, அவர் சொன்ன விதத்தையே அது விளக்குகிறது. கைத்திறனுக்கு உரிய பெருமிதம் அது. செருக்கு அதில் இல்லை.

'பெருமையுடன் இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று பொருள்களின் மேல் ஆங்கிலத்தில் அச்சிடுவதும் 'பிரவுட்லி' என்ற இந்தச் சொல்லைக் கொண்டுதான். மாணவர்கள் தவறுவது ஓரிடத்தில். 'எனக்குப் பெருமையாக இருக்கிறது' என்பதற்கு 'ஐ ஆம் பிரவுட்' என்பதே சரி; 'ஐ ஆம் பிரவுட்லி' என்று எழுதுவது பிழை.