பெயரை அடித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் தம்பியைக் காசநோய் மருந்து ஆய்வு ஒன்றில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில், ‘உங்கள் விவரங்கள் பெயர் நீக்கப்பட்டு எதிர்கால ஆய்வுகளுக்கும் பகிரப்படலாம்’ என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா?”

நல்ல கேள்வி. அதைக் கேட்க அவர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடமும் இல்லை. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களையும் சேர்த்து, உலகின் மிகப்பெரிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. 1971 வரை 2,80,000 பேருக்கு மேல் பிசிஜி அல்லது வெற்று ஊசி போட்டார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. பிறகு 15 ஆண்டுகள் ஊர் ஊராகப் போய், யாருக்குக் காசநோய் வந்தது என்று பார்த்தார்கள்.

அந்த உழைப்பின் ஒரு பகுதி நான்கு எண்களாகச் சுருங்கி இன்று உலகம் முழுக்கச் சுற்றிவருகிறது. பிசிஜி போட்டுக்கொண்டவர்களில் நோய் வந்தவர்கள் 505, வராதவர்கள் 87,886. வெற்று ஊசிக்காரர்களில் நோய் வந்தவர்கள் 499, வராதவர்கள் 87,892. ‘ஆர்’ என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் ‘மெட்டாஃபோர்’ தொகுப்பை நிறுவும் எந்த நாட்டு மாணவருக்கும், பயிற்சிக்கான 13 ஆய்வுகள் கொண்ட அட்டவணையில் ‘மெட்ராஸ்’ என்ற பெயரோடு இந்த வரிசை கிடைக்கும். பக்கத்தில் அட்சரேகை: 13. அமெரிக்காவில் கிரஹாம் கோல்டிட்ஸ் குழு இந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக பிசிஜியின் பாதுகாப்பு கூடுகிறது என்பது அதில் தெரியவந்தது. தனியாகப் பார்த்தால் நம்மூர் ஆய்வு ‘ஊசி பலிக்கவில்லை’ என்று மட்டும்தான் சொன்னது. மற்ற ஊர்களின் கணக்கோடு சேர்த்து வைத்தபோது, ஏன் சில இடங்களில் பலிக்கிறது, சில இடங்களில் பலிக்கவில்லை என்ற கேள்விக்கு அது சாட்சியானது. ஒருவர் சேகரித்த தரவை இன்னொருவர் வேறு கேள்விக்குப் பயன்படுத்தும் இரண்டாம்நிலை ஆய்வு இதுதான்.

இந்த நான்கு எண்களால் யாரும் அம்பலமாக மாட்டார்கள். ஆனால் நான்கு எண்களைக் கொண்டு எட்டும் தூரம் குறைவு. நோய் வந்தவர்களின் வயது என்ன, எந்த அறிகுறி முதலில் தெரிந்தது, மாத்திரையை எத்தனை நாள் விட்டார்கள் என்று தோண்ட வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வேண்டும். அதன் பலனைக் காசநோயிலேயே பார்த்துவிட்டோம். ஆறு மாத சிகிச்சையை நான்கு மாதமாகக் குறைக்க முயன்ற மூன்று பெரிய ஆய்வுகள் தோற்றன. அவற்றில் பங்கேற்ற 3,405 பேரின் வரிகளை ஒன்றாக்கி அலசிய கட்டுரை 2018இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. நோய் லேசாக இருந்த கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நான்கு மாதமே போதுமாக இருந்திருக்கும் என்றது அது. மாத்திரையைத் தவறவிட்டவர்களுக்குச் சிகிச்சை தோற்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது. தோற்ற ஆய்வுகளுக்குள் இவ்வளவு உண்மை பூட்டிக் கிடந்தது.

தரவுப் பகிர்வின் வரலாற்றை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். மருந்து ஆய்வுகளைப் பதிவுசெய்யும் இந்தியப் பதிவகம் 2007இல் வந்தது. 2009இல் பதிவு கட்டாயமானது. 2015இல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ தரவுப் பகிர்வுக்கான நெறிகளை வகுத்தது. 2019 முதல் தொடங்கும் ஆய்வுகள், தரவைப் பகிர்வோமா மாட்டோமா என்பதைப் பதிவின்போதே சொல்ல வேண்டும் என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு விதித்தது. ‘பகிரமாட்டோம்’ என்று சொன்னாலும் விதி நிறைவேறிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். பெயரை நீக்கினால் ஆள் மறைவாரா?

கல்யாண வீட்டு மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர், பெயர், தொழில், தொகை. பெயர்களை எல்லாம் கறுப்பு மையால் அடித்துவிட்டு நோட்டைச் சொந்தக்காரர்களிடம் கொடுங்கள். ‘மாதர்பாக்கம், லோடு வேன் ஓட்டுபவர், 5001’ என்ற வரியைப் பார்த்ததுமே அது யார் என்று பெரியப்பா சொல்லிவிடுவார். பெயர் இல்லாவிட்டால் என்ன, ஊரும் தொழிலும் சேர்ந்து பெயராகிவிட்டன. 1990களில் அமெரிக்காவில் லடான்யா ஸ்வீனி செய்துகாட்டியதும் இதுதான். பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு வைத்துப் பார்த்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் கொண்டு மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்தார்.

அவர் சொன்ன மருந்து எளிமையானது. ஒரே மாதிரி வரிகள் குறைந்தது இத்தனை இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணை வையுங்கள். மாதர்பாக்கத்தை ‘கும்மிடிப்பூண்டி தாலுகா’ ஆக்குங்கள். லோடு வேனை ‘ஓட்டுநர்’ ஆக்குங்கள். ஒரே மாதிரி பதினொரு வரிகள் வரும்வரை கலைத்துக்கொண்டே போங்கள். பதினொன்று என்பது நான் சொல்லும் எண் அல்ல. ஒருவரை அடையாளம் காணும் வாய்ப்பு 0.09ஐத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பிய மருந்து முகமை. அது ஏறத்தாழ பதினொன்றில் ஒன்று.

இப்போது பெரியப்பா திணறுவார். ஆனால் அந்தப் பதினொரு ஓட்டுநர்களும் 5001தான் வைத்திருந்தால்? எந்த வரி யாருடையது என்று தெரியாமலே, எல்லோரும் எவ்வளவு வைத்தார்கள் என்று தெரிந்துவிடும். கூட்டத்தில் ஒளிந்தும் பயனில்லை. மருத்துவத் தரவில் இது இன்னும் கொடுமை: பதினொரு பேருக்கும் எச்ஐவி என்றிருந்தால், ஆளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. சென்னை ஐஐடியில் படித்த அஷ்வின் மச்சனவஜ்ஜலாவும் சகாக்களும் 2006இல் காட்டிய ஓட்டை இது. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ரகசிய விவரம் பலவிதமாக இருக்க வேண்டும் என்றார்கள்.

அடுத்தது தேதி; நோட்டில் அதுவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொய் வாங்கிய நாள், திருப்பிச் செய்த நாள் இரண்டும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு ஓர் அழகான உபாயம் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரகசியமாக ஓர் எண்ணைக் குலுக்கி எடுங்கள். ஒரு குடும்பத்துக்கு 97 நாள் முன்னால், இன்னொன்றுக்கு 140 நாள் பின்னால். அந்தக் குடும்பத்தின் எல்லாத் தேதிகளையும் அதே அளவு நகர்த்துங்கள். வாங்கியதற்கும் திருப்பிச் செய்ததற்கும் இடைவெளி இம்மியும் மாறாது. உண்மைத் தேதி ஒன்றுகூட மிஞ்சாது. மருந்து தொடங்கிய நாள் முதல் சளியில் கிருமி மறைந்த நாள் வரை எத்தனை வாரம் என்பதுதான் ஆய்வாளருக்கு வேண்டும். அது பத்திரமாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

இதற்கும் விலை உண்டு. ஆவணியில் நடந்த கல்யாணம் மார்கழியில் நடந்ததாக நோட்டு காட்டும். பருவம் காணாமல் போய்விடும். மழைக்காலத்தில் நோயாளிகள் மருந்து வாங்க வருவது குறைந்ததா, 2020 ஊரடங்கில் எத்தனை பேர் மாத்திரையை விட்டார்கள் என்று அந்தத் தரவிடம் இனிக் கேட்க முடியாது.

எந்த உத்தியை எடுத்தாலும் கதை இதுதான். பயனுள்ள விவரமும் ஆபத்தான விவரமும் ஒன்றே. கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆய்வு நடப்பதாக வைத்துக்கொள்வோம். ‘27 வயது, ஒடிசா, உருக்கு ஆலை, உலைப் பிரிவு’ என்று ஒரு வரி. மேஸ்திரிக்கு அரை நிமிடம் போதும், ஆள் யாரென்று சொல்லிவிடுவார். அதை ‘25 முதல் 34 வயது, வெளிமாநிலம், தொழிற்சாலை’ என்று மாற்றினால் அந்தத் தொழிலாளி தப்பிப்பார். ஆனால் சிலிக்கா தூசு காசநோய் அபாயத்தைக் கூட்டும் என்பது நிறுவப்பட்ட உண்மை. உலைப் பக்கம் அந்தத் தூசில் வேலை செய்பவருக்கு அதே மருந்து அதே வேகத்தில் குணம் தருகிறதா என்ற கேள்வி, அவருக்கே மிகவும் தேவையான கேள்வி, அந்தத் திருத்தத்தோடு செத்துவிடும்.

அதனால்தான் ‘நூறு சதவீதம் அடையாளம் நீக்கப்பட்டது’ என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை. நூறு சதவீதம் நீக்கியிருந்தால் ஆராய எதுவும் மிஞ்சியிருக்காது. எதையாவது ஆராய முடிகிறது என்றால் ஏதோ ஓர் அபாயம் மிச்சமிருக்கிறது. அந்த மிச்சத்தைக் கணக்கால் அடைக்க முடியாது. பூட்டாலும் பொறுப்பாலும்தான் அடைக்க வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய ‘யோடா’, 2018இல் வந்த ‘விவ்லி’ ஆகிய ஏற்பாடுகள் அந்த வழியில் போகின்றன. ஆய்வாளர் தன் கேள்வியையும் அலசும் முறையையும் முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். யாரையும் அடையாளம் காண முயலமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பூட்டிய கணினிச் சூழலுக்குள் அவர் போய் அலசலாம். தனிநபர் வரிகளைப் பொதுவாக வெளியே எடுத்துப்போக முடியாது.

கேள்வியை முன்கூட்டியே எழுதச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. வழக்கமான ஐந்து சதவீத அளவுகோலை வைத்துக்கொண்டு, உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத ஆயிரம் விஷயங்களைத் தரவிடம் கேட்டால், சுமார் ஐம்பது இடத்தில் ‘ஆம், தொடர்பு உண்டு’ என்ற பொய் பதில் வரும். செயற்கை நுண்ணறிவு தரவு மலைகளைக் குடைந்து புது மருந்துகளைக் கொட்டப்போகிறது என்று சொல்பவர்கள் இந்த ஐம்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

வாசகருக்கு என் பதில்: தம்பி கையெழுத்துப் போடலாம், மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகு. தரவு எங்கே இருக்கும், யார் பூட்டைத் திறப்பார்கள்? கேட்டு வருபவர்களுக்கு அனுமதி தருவது யார்? பிறகு மனம் மாறினால் விலக முடியுமா, எந்தக் கட்டம் வரை? பதில் சொல்வது ஆய்வாளரின் கடமை. சொல்லாவிட்டால் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்கும். கம்பெனி விஷயத்தில் சட்டத்திலும் ஒரு வரம்பு எழுதப்பட்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்குச் சில விலக்குகளைத் தருகிறது. ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி முடிவெடுத்தால் விலக்கு செல்லாது. வேலையை விட்டு நிறுத்துவதும் அப்படி ஒரு முடிவுதான்.

ஆனால் இந்தச் சட்டத்துக்கு அப்பாலும் சிலவற்றை நாம் கேட்க வேண்டும். சிப்காட் தொழிலாளிகளில் பலர் ஒடியாவும் இந்தியும் பேசுபவர்கள். ஒப்புதல் படிவத்தின் அந்த ஒற்றை வரி அவர்கள் மொழியில் வாய்விட்டு விளக்கப்பட வேண்டும். தரவைத் திறக்கலாமா என்று தீர்மானிக்கும் குழுவில் அந்த வட்டாரத்துக்காரர் ஒருவராவது உட்கார வேண்டும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை அலசியவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்பது ஆங்கில இதழோடு நிற்காமல், ஆய்வு நடந்த ஊரின் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் கிராம சபைக்கும் வந்துசேர வேண்டும். செங்கல்பட்டு ஆய்வுக்குக் கையை நீட்டியவர்களின் எண்கள் உலகம் சுற்றியதுபோல், அவற்றிலிருந்து உலகம் கற்றது என்ன என்ற செய்தி அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய கடன். அதைத் தீர்ப்பதாக எழுதித் தருபவர்களுக்கு மட்டுமே தரவைத் திறக்க வேண்டும்.