காட்டிக்கொடுக்கும் கட்டி

பெருங்குடலின் உட்பூச்சு ஒரு வாரம்கூடப் பழையதாக இருப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயின் உள்மேல்தோல் நான்கைந்து நாட்களில் உதிர்ந்து, மறுபடி முளைத்துவிடுகிறது. சுவரெங்கும் லட்சக்கணக்கில் நுண்குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில குருத்தணுக்கள், அதாவது ஓயாமல் பிரிந்து புதுச் செல்களைத் தரும் தாய்ச்செல்கள் இருக்கின்றன. அவை தரும் செல்கள் சுவரைப் பற்றி மேலேறி, விளிம்பைத் தொட்டதும் உதிர்ந்து மலத்தோடு போய்விடும். வழியில் ஒரு செல்லின் மரபணு கெட்டாலும் பயமில்லை. கெடுதல் செய்ய நேரம் கிடைக்கும் முன்பே அது உடலை விட்டுப் போயிருக்கும்.

ஆபத்து தொடங்குவது அடியில் தங்கிவிடும் குருத்தணு கெடும்போதுதான். பெரும்பாலும் முதலில் பழுதாவது ஏ.பி.சி. என்ற மரபணு. செல்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. அது பழுதானதும் செல்கள் குவிந்து, உட்சுவரில் பாலிப் எனும் சிறு மொட்டு எழும்புகிறது. அது இன்னும் புற்றுநோய் அல்ல. கே-ராஸ், பி53 என்று வேறு மரபணுக்களும் அடுத்தடுத்துக் கெட வேண்டும். இந்தப் படிக்கட்டை 1990-இல் எரிக் ஃபியரனும் பெர்ட் வோகல்ஸ்டைனும் வரைந்து காட்டினார்கள். கடைசிப் படி வரை ஏற வழக்கமாகப் பத்தாண்டுகள் பிடிக்கும். பெரும்பாலான பாலிப்கள் அவ்வளவு தூரம் போவதே இல்லை. இத்தனை நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. அந்த அவகாசத்தில் கட்டி தன்னைத் தானே காட்டிக்கொடுத்துக்கொண்டும் இருக்கிறது.

முதலில் ரத்தத்தால். வளரும் கட்டியின் ரத்தக் குழாய்கள் மெலிந்தவை. மலம் உரசிப் போகும்போது துளித்துளியாகக் கசியும், கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடிக்க அந்தக் காலத்தில் குவையாக்கம் என்ற கரீபிய மரத்தின் பிசினைப் பயன்படுத்தினார்கள். பிசின் தடவிய அட்டையில் மலத்தைப் பூசி, ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால், ரத்தம் இருக்கும் இடம் நீலமாகும். ஆனால் ஆட்டு ரத்தத்துக்கும் மனித ரத்தத்துக்கும் அந்த அட்டைக்கு வேறுபாடு தெரியாது. முதல் நாள் ரத்தப் பொரியல் சாப்பிட்டவருக்கும் நீலம் காட்டும். பச்சை முள்ளங்கிகூட ஏமாற்றிவிடும்.

இப்போதைய ஃபிட் பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினின் புரதப் பகுதியை, அதுவும் மனிதருடையதை மட்டும், பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருட்கள் இதில் இருக்கின்றன. இன்னொரு நயமும் உண்டு. இரைப்பையில் கசிந்த ரத்தம் கீழே வருவதற்குள் செரிமான நொதிகள் அந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும். ஆகவே ஃபிட் காட்டும் ரத்தம் பெரும்பாலும் பெருங்குடலில் கசிந்ததுதான். நுட்பத்தின் அளவைப் பாருங்கள்: அமெரிக்காவில் பரவலாக வைத்திருக்கும் வரம்பு, ஒரு கிராம் மலத்தில் 20 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின். ஒரே ஒரு சொட்டு ரத்தம் ஏறத்தாழ 350 கிராம் மலத்தில் கலந்தால் கிடைக்கும் அடர்த்தி அது. இரண்டு மூன்று நாள் மலத்தில் ஒரு சொட்டு!

கசிவு தினமும் இருக்காது. அதனால்தான் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்கிறார்கள். இங்கிலாந்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனைக் குப்பி வீட்டுக்கே தபாலில் வருகிறது. இப்படித் தவணை முறையில் செய்வது அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கு. கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் போனால், மூலம்தான் என்று நாமே முடிவுகட்டிக் களிம்போடு மாதங்களைக் கழிக்கக் கூடாது. மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

ஃபிட்டில் ரத்தம் தெரிந்தால் அடுத்தது காலனோஸ்கோப்பி. நுனியில் கேமரா பொருத்திய வளையும் குழாய் பெருங்குடல் முழுவதும் போய்வரும். அதன் விளக்கில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் வெள்ளை வெளிச்சம் போய், நீலமும் பச்சையும் மட்டும் மிஞ்சும். ஹீமோகுளோபின் அந்த இரு நிறங்களையும் விழுங்கிவிடுவதால், பாலிப்பின் மேல் ஓடும் நுண்குழாய்கள் கறுத்துத் தெரியும். அவற்றின் பின்னலைப் பார்த்தே மொட்டின் தன்மையை மருத்துவர் கணிக்கிறார். பிறகு கம்பிக் கண்ணியைப் பாலிப்பின் கழுத்தில் மாட்டி இறுக்கி, தேவையானால் மின்சாரம் பாய்ச்சி அறுத்துவிடலாம். வலிக்காது. குடல் இழுப்பை உணரும், அதன் உட்பூச்சு வெட்டை உணராது. வயிற்றைத் திறக்காமல் இதைச் செய்ய முடியும் என்று 1969-இல் நியூயார்க்கில் காட்டியவர்கள் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும். நோயைக் கண்டுபிடிக்கப் போன கருவியே நோய் வருமுன் அதை வேரோடு எடுத்துவிடுகிறது. மருத்துவத்தில் இது மிக அரிது.

கட்டி புற்றுநோயாகவே மாறியிருந்தால் அறுவை சிகிச்சை. பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடலையும் அதைச் சுற்றிய கொழுப்புறையையும் ஒரு மெல்லிய, ரத்தம் சிந்தாத இடைவெளி பக்கத்து உறுப்புகளிலிருந்து பிரிக்கிறது. கருவில் உறுப்புகள் உருவானபோதே அமைந்த எல்லை அது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர மருத்துவர் பில் ஹீல்ட், அந்த எல்லையை ஒட்டியே வெட்டி உறையைக் கிழியாமல் முழுசாக எடுத்தால், அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று 1982-இல் எழுதினார். புது மருந்தோ புது இயந்திரமோ இல்லை, கத்தி போகும் பாதை மட்டும் மாறியது.

என்னை அதிகம் வியக்கவைப்பது இன்னொரு வகைக் கட்டி. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோயியல் அறிஞரிடம், அவருக்குத் துணி தைத்துத் தந்த பெண் சொன்னாள்: தன் குடும்பத்தாரைப் போலத் தானும் புற்றுநோயில்தான் சாகப்போகிறேன் என்று. அப்படியே நடந்தது. டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணு அந்தக் குடும்பத்தில் பழுதாகியிருந்தது என்பது நூறு ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. பிழைதிருத்தி இல்லாத செல்லில் பிழைகள் ஆயிரக்கணக்கில் சேரும்; அதனால் புற்றுநோய் சீக்கிரம் வரும். ஆனால் அந்தப் பிழைகளே கட்டிக்குப் பகை. உடல் ஒருபோதும் கண்டிராத விசித்திரப் புரதங்களை அவை உண்டாக்க, நோய் எதிர்ப்புச் செல்கள் கட்டியை அடையாளம் கண்டுகொள்கின்றன. அந்தச் செல்களைத் தடுத்து நிறுத்துவதில் முக்கியமானது பி.டி-1 என்ற தடை.

அந்தத் தடையை நீக்கும் டோஸ்டார்லிமாப் மருந்தை, இத்தகைய மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு மாதம் கொடுத்தார்கள். 2022-இல் வெளியான முதல் முடிவில், சிகிச்சையை முடித்த 12 பேரிடமும் கட்டி தென்படவில்லை. 2025-இல் அந்த எண்ணிக்கை 49. அவர்கள் அத்தனை பேருக்கும் அப்படியே. கத்தியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

மலக்குடல் புற்றுநோய்களில் இந்த வகை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. ஆகவே சிகிச்சை தொடங்குமுன் கட்டியின் துணுக்கில் பிழைதிருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். அவை இல்லையென்றால், பழுது பரம்பரையாக வந்ததா என்று மரபணுப் பரிசோதனை சொல்லும். அப்படியானால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். பழுது இருப்பவர்கள், வழக்கமாக இருபதுகளின் நடுவிலிருந்தே, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை காலனோஸ்கோப்பி செய்துகொள்கிறார்கள். அவர்களுடைய பாலிப்களுக்குப் பத்தாண்டு அவகாசம் தேவைப்படாது.