பிள்ளை வெளிநாட்டுக்குத் தொழில் பழகப் போகிறதா?



"ஜேர்மனியில டிரெயினிங், பழகுற காலத்திலேயே சம்பளம்" என்ற பேச்சு தோட்டப்புறங்களிலும் அடிபடுகிறது. இது முழுப் பொய்யுமல்ல. சொல்கிற மாதிரி லேசான காரியமுமல்ல. நகையை அடகு வைப்பதற்கு முன் விஷயத்தை விளங்கிக்கொள்வோம்.

பயிற்சி எப்படி நடக்கிறது?

ஜேர்மனியில் மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், சமையல் போன்ற தொழில்களை வகுப்பறையில் மட்டும் படிப்பிப்பதில்லை. பயிலுனர் வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பனியில் கையால் வேலை பழகுவார். ஒன்றிரண்டு நாள் தொழிற் பாடசாலைக்குப் போவார். பெரும்பாலும் 2 முதல் 3½ வருடம் செல்லும். முடிவில் பரீட்சை. பாஸ் பண்ணினால் அந்நாடு முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழ் கிடைக்கும்.

காசு விஷயம்

பயிலுனருக்குக் கம்பனிதான் மாதக் கொடுப்பனவு தர வேண்டும். 2025 இல் தொடங்கிய பயிற்சிகளுக்குச் சட்டம் வைத்த ஆகக் குறைந்த தொகை, முதல் வருடத்தில் பொதுவாக மாதம் 682 யூரோ. ரூபாவில் கணக்குப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். ஆனால் அதில்தான் அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம். காப்புறுதிக்கும் அதிலேயே பிடிப்பார்கள். கொடுப்பனவு போதாவிட்டால், மிச்சச் செலவுக்கு வழியுண்டு என்று விசா கேட்கும்போதே காட்ட வேண்டும்.

ஆகவே, "பிள்ளை போனதும் மாசாமாசம் காசு வரும், கடனைக் கட்டிடலாம்" என்று நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள். இந்த வருடங்கள் தொழில் பழகுவதற்கு. உழைப்பின் பலன் அதற்குப் பிறகுதான்.

ஏஜென்சிக்காரரிடம் கேட்க வேண்டியவை

1. கம்பனியின் பெயர் போட்ட பயிற்சி ஒப்பந்தம் எங்கே? தொழில் பழக்குவதற்காகப் பயிலுனரிடம் கம்பனி பணம் வாங்க ஜேர்மன் சட்டம் இடம் தராது. "கம்பனிக்குக் கட்டணும்" என்று இலட்சக்கணக்கில் கேட்டால் விலகி நில்லுங்கள்.

2. என்ன விசா? "விசிட் விசாவில போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்பவரை நம்ப வேண்டாம்.

3. உரிமப் பத்திர இலக்கம் என்ன? அது சரியா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம்.

இங்கேயே செய்யக்கூடியவை

முதலாவது பாஷை. வழமையாக பி1 மட்டத்து ஜேர்மன் மொழி தேவை. தாதியர் பயிற்சிக்குப் பெரும்பாலும் பி2 கேட்பார்கள். பாஷை தெரியாவிட்டால் தொழிற் பாடசாலையில் பாடம் விளங்காது.

இரண்டாவது பத்திரங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலைச் சான்றிதழில் வேறு எழுத்து என்பது நம்மவர்களுக்குப் பழைய தலையிடி. இதைத் திருத்த மாதக்கணக்கில் செல்லும். பிள்ளை சாதாரண தரம் படிக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, உள்ளூரில் ஒரு தொழில். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை (நைட்டா) மூலம் இங்கேயும் வேலைத்தலத்தில் பழகி, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். வெளிநாட்டுப் பயணம் தட்டிப்போனாலும் அந்தச் சான்றிதழ் கையில் இருக்கும்.

மகன்மாருக்கு மட்டுமல்ல, மகள்மாருக்கும் இதே வழி உண்டு. ஒப்பந்தத்தை விளங்கிய ஒருவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.