கைகளிற் படியும் கறையும் பிசினும்: தீங்கின்றி அகற்றும் முறை

கமக்காரருக்கு மண்வெட்டியையும் கலப்பையையும் போல இரு கைகளும் தொழிற்கருவிகளேயாம். மண்வெட்டி துருப்பிடியாமற் காப்பவர்களிற் பலர், கைத்தோல் கெடாமற் காப்பதில் அத்துணைக் கவனஞ் செலுத்துவதில்லை. பலாப்பால் ஒட்டினால் மண்ணெண்ணெய், உழவு இயந்திரத்தின் கிறீஸ் படிந்தால் பெற்றோல், வாழைக்கயர் பிடித்தால் மணலும் பொச்சும் என்பது வன்னிக் கிராமங்களிற் காணப்படும் வழக்கமாகும். இவற்றாற் கறை நீங்குவது உண்மையே. ஆயினும் கறையோடு தோலின் காப்பும் நீங்கிவிடுகின்றது.

தோலைக் காப்பது ஏன்?

தோலின் மேற்படையில் இயற்கையான கொழுப்பு உண்டு. அது நஞ்சும் நோய்க்கிருமியும் உடலினுட் புகாமல் தடுக்கும் வேலியாகும். மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல், நிறப்பூச்சைக் கரைக்கும் தின்னர் ஆகியவை அக்கொழுப்பைக் கரைத்து நீக்கிவிடும். அடிக்கடி பயன்படுத்தினால் தோல் வறண்டு, சிவந்து, வெடிக்கும். மணலும் பொச்சும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும்.

இவ்வாறு வெடித்த கைகளோடு வயற்சேற்றில் இறங்குவது அபாயமானது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சற் கிருமி இருக்கக்கூடும். தோலிலுள்ள வெடிப்பும் கீறலும் அக்கிருமி உட்புகும் வாயில்களாகும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் எலிக்காய்ச்சல் என ஐயுறப்பட்ட நோயாளர் 7,000 பேருக்கு மேல் அறிவிக்கப்பட்டனர். 2024ஆம் ஆண்டு டிசம்பரில், பெருவெள்ளத்தின் பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இந்நோய் பரவி உயிர்களைக் கொண்டது. ஆகவே கறை நீக்குதல் அழகுக்கான காரியம் மட்டுமன்று. உயிர்க்காப்போடு தொடர்புடைய காரியமுமாகும்.

பொது விதி

நெய்ப்பசையுள்ள பொருளை எண்ணெய் இளக்கும். இளகியதைச் சவர்க்காரமும் நீரும் கழுவிச் செல்லும். எனவே ஒட்டும் பொருள்களுக்கு முதலில் தேங்காயெண்ணெய், அடுத்துச் சவர்க்காரம், இறுதியில் நிறைய நீர் என்னும் ஒழுங்கைக் கைக்கொள்க. முதலிலேயே நீரை ஊற்றினாற் பிசின் இறுகிக்கொள்ளும். பீடைகொல்லி மட்டும் இவ்விதிக்கு விலக்கு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பலாப்பால்: முதலிற் பழைய கடதாசியால் ஒற்றி எடுக்க. எஞ்சியதன் மீது தேங்காயெண்ணெயைத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, விரல்களால் உருட்டினாற் பிசின் திரண்டு வரும். அதன்பின் சவர்க்காரமிட்டுக் கழுவுக. பலாக்காய் வெட்டுமுன் கைகளிலும் கத்தியிலும் எண்ணெய் பூசிக்கொண்டால் பால் ஒட்டுவது குறையும்.

கிறீஸும் இயந்திர எண்ணெயும்: தேங்காயெண்ணெயோடு அரிசித்தவிட்டையோ பயற்றம்மாவையோ குழைத்து மெதுவாகத் தேய்க்க. மா அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். பின்னர்ச் சவர்க்காரத்தாற் கழுவுக. உமி கூரியதாதலின் தவிட்டுக்குப் பதிலாக அதனைக் கொள்ளலாகாது. மரக்கறித் தோட்டங்களில் வெண்ணீக்காகக் கட்டும் மஞ்சள் ஒட்டுப்பொறியின் பசையும் எண்ணெய்க்கு இளகும்.

வாழைக்கயர்: இது தோலிற் சாயம்போற் பிடிப்பது. உடனே சவர்க்காரமிட்டுக் கழுவினாற் பெரும்பகுதி நீங்கும். காய்ந்த கறையைத் தேசிக்காயாலும் உப்பாலும் தேய்ப்பது வழக்கம். இதிற் பெரியதோர் எச்சரிக்கை உண்டு. தேசிக்காய்ச் சாறு படிந்த தோலில் வெயில் பட்டால் இரண்டொரு நாளில் நெருப்புச் சுட்டதுபோற் சிவந்து கொப்புளிக்கலாம். கருந்தழும்பு பல வாரம் நிற்கும். எனவே தேசிக்காயைப் பொழுது பட்டபின் பயன்படுத்திச் சவர்க்காரத்தால் நன்கு கழுவிவிடுக. முற்றும் நீங்காத கயரை விட்டுவிடுவதே நன்று. மேற்றோல் உதிர்ந்து புதுப்பிக்கப்படும்போது அதுவும் தானே மறையும்.

மிளகாய் எரிவு: எரிவைத் தரும் பொருள் நீரிற் கரைவது அரிது, எண்ணெயிற் கரையும். ஆகையால் எண்ணெய் தடவித் துடைத்தபின் சவர்க்காரமிட்டு இருமுறை கழுவுக. கழுவும்வரை கண்ணையும் குழந்தைகளையும் தொடாதிருத்தல் வேண்டும்.

மரமுந்திரிகைக் கோதின் எண்ணெய்: இது கறை மட்டுமன்று, தோலைப் பொக்களிக்கச் செய்யும் காரமுடையது. பட்டவுடன் சவர்க்காரத்தாலும் குளிர்ந்த நீராலும் கழுவுக. கொப்புளம் எழுந்தால் உடைக்காது வைத்தியரிடம் காட்டுக. பச்சைக் கொட்டை உடைப்போர் கையுறை அணிதல் வேண்டும்.

உடனொட்டும் பசை: செருப்போ குழாயோ ஒட்டும்போது விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்கலாகாது, தோல் உரிந்துவிடும். இளஞ்சூடான சவர்க்கார நீரில் ஊறவைத்து, மெல்ல உருட்டிப் பிரிக்க. கண்ணிமையில் ஒட்டினால் வைத்தியசாலைக்குச் செல்க.

பீடைகொல்லி தோலிற் பட்டால்

நாம் மருந்து என்று வழங்கும் பீடைகொல்லிக்கு எண்ணெய் தடவுதல் பெருந்தவறு. பல பீடைகொல்லிகள் எண்ணெயிற் கரைவன. எண்ணெயோடு தோலிற் பரவி உட்செல்லவுங் கூடும். மண்ணெண்ணெயும் இங்கே ஆகாது. உடனே செய்யவேண்டியவை பின்வருமாறு:

1. நனைந்த சட்டையையும் சாரத்தையும் தாமதமின்றிக் களைக.
2. சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடமேனும் கழுவுக. அழுத்தித் தேய்க்கலாகாது, சுடுநீரும் ஆகாது.
3. கண்ணிற் பட்டால் இமையை விரித்துத் தூயநீரால் 15 நிமிடம் கழுவி வைத்தியரை நாடுக.
4. தலையிடி, வாந்தி, மிகுவியர்வை, வாயூறல், கண்மங்கல் ஆகியவற்றில் எது தோன்றினும் 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் காவுவண்டியை அழைக்க. மருந்துப் போத்தலின் பெயர்த்தாளை உடன் கொண்டு செல்க.

உள்ளங்கைத் தோல் தடித்தது. முகமும் கவட்டுப்பகுதியும் மென்மையானவை. அவ்விடங்களில் நஞ்சு மிக விரைந்து உட்செல்லும். ஆதலின் மருந்து பட்ட கையோடு முகந் துடைத்தலும், கழுவாது சிறுநீர் கழித்தலும் தவிர்க்கப்படல் வேண்டும். தெளிப்பு உடைகளை வீட்டு உடைகளோடு சேர்த்துத் தோய்க்கலாகாது. கழுவிய நீர் கிணற்றிலோ வாய்க்காலிலோ குளத்திலோ சேராதபடி பார்த்துக்கொள்க.

வீட்டிற் கவனிக்க வேண்டியது

கை கழுவவென்று சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைத்திருப்பது இன்னோர் ஆபத்து. நீரென்று எண்ணிக் குழந்தைகள் அதனைக் குடித்துவிடுவதுண்டு. அவ்வாறு குடித்தால் வாந்தியெடுக்கச் செய்யலாகாது. எண்ணெய் சுவாசப்பைக்குட் சென்று உயிருக்கு ஊறு செய்யும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. பெற்றோல் பட்ட கையோடு அடுப்பை அணுகுதலும் ஆகாது.

நாளாந்தம் செய்யத்தக்கது

வேலை முடிந்து கழுவிய கைகளை ஈரம் போகத் துடைத்து, சில துளி தேங்காயெண்ணெய் பூசிக்கொள்க. கையில் வெடிப்போ புண்ணோ இருப்பின், அது ஆறும்வரை சேற்று வேலையைப் பிறரிடம் ஒப்படைக்க. இயலாவிடின் நீர்புகாத உறையாற் புண்ணை மூடிக்கொண்டு இறங்குக. வயல்வேலை தொடங்குமுன் எலிக்காய்ச்சற் தடுப்பு மாத்திரை குறித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வினாவுக. வயலில் இறங்கியபின் காய்ச்சலும் தசைநோவும் கண்டால், வயல்வேலை செய்ததை வைத்தியரிடம் தவறாது சொல்லுதல் வேண்டும்.

வயலுக்குச் செல்லும் கூடையில் ஒரு சவர்க்காரக் கட்டியும், சிறு போத்தலில் தேங்காயெண்ணெயும், ஒரு கலன் நல்ல நீரும் இருக்கட்டும். அதனால் வருஞ் செலவு சிறிது. காக்கப்படுவதோ உழைக்கும் கை.