உலோக நானோதுகள் சங்கிலி அலைநடத்தி

உலோக நானோதுகள் சங்கிலி அலைநடத்தி என்பது வெள்ளி, தங்கம் போன்ற உலோகங்களின் நுண்துகள்களைச் சிறு இடைவெளி விட்டு வரிசையாக அமைத்து, அவற்றின் வழியே ஒளியாற்றலைக் கடத்தும் அமைப்பு ஆகும். இத்துகள்கள் பெரும்பாலும் 30 முதல் 100 நானோமீட்டர் அளவுடையவை.

தேவை

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். கண்ணாடி போன்ற மின்கடத்தாப் பொருள்களால் ஆன அலைநடத்தியில், அலைநீளத்தின் ஏறத்தாழ பாதியை விடக் குறுகலாக ஒளியை அடக்க முடியாது. விளிம்பு விளைவால் அது பரவிவிடும். கணினிச் சில்லுகளின் மிக மெல்லிய கம்பிகளோ சில பத்து நானோமீட்டர் அகலமே உடையவை. அந்த அளவுக்கு ஒளித்தடத்தையும் குறுக்க இயலுமா என்ற கேள்வியே இவ்வாய்வுகளுக்கு அடிப்படை.

செயற்படும் முறை

ஒளியலையின் மின்புலம், துகளில் உள்ள கட்டற்ற எதிர்மின்னிகளை ஒருபுறம் தள்ளுகிறது. எதிர்ப்புறம் மிஞ்சும் நேர்மின்னூட்டம் அவற்றைத் திரும்ப இழுக்கிறது. உரிய அதிர்வெண்ணில் இவ்வூசலாட்டம் மிகவும் பெரிதாகிறது. இதற்குப் பரப்புப் பிளாசுமான் ஒத்ததிர்வு என்று பெயர். அப்போது துகள் ஓர் அலைவுறும் மின் இருமுனையாகச் செயற்பட்டு, தன் அண்மைப்புலத்தால் அடுத்த துகளின் எதிர்மின்னிகளையும் ஆட்டுகிறது. எதிர்மின்னிகள் துகள் விட்டுத் துகள் தாவுவதில்லை. ஆற்றல் மட்டுமே கைமாறுகிறது. மெல்லிய சுருள்வில்லால் பிணைக்கப்பட்ட ஊசல்களின் வரிசையில் முதல் ஊசலை ஆட்டினால் அசைவு மற்றவற்றுக்குப் பரவுவதை ஒத்தது இது.

அண்மைப்புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. துகள் மையங்களுக்கு இடையேயான தொலைவை இரட்டித்தால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே துகள்கள் நெருங்கியிருத்தல் இன்றியமையாதது.

ஆய்வுகள்

1998-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த குவின்டன், லெயிட்னர், கிரென், ஔசனெக் ஆகியோர் வெள்ளித் துகள் சங்கிலியின் வழியே ஆற்றல் கடத்தப்படுவதைக் கணக்கீட்டால் காட்டினர். ஒளி இத்தகைய சங்கிலியில் செங்கோண மூலைகளிலும் திரும்பக்கூடும் என்று 2000-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் புரோங்கர்சுமா, ஆர்ட்மன், அட்வாட்டர் ஆகியோர் கணித்தனர்.

செய்முறைச் சான்று 2003-இல் கிடைத்தது. சாதாரண வில்லையால் ஒளியைக் குவித்தால் அது பல துகள்கள் மீது ஒருசேர விழும்; கடத்தலைத் தனியே பிரித்தறிய இயலாது. ஆகவே மேயரும் அவருடைய குழுவினரும் அண்மைப்புல நுண்ணோக்கியின் கூர்முனையால் வெள்ளித் தண்டுகளின் சங்கிலிக்கு ஒளியூட்டினர்; உடனொளிரும் நுண்கோளங்களை உணரியாகப் பயன்படுத்தினர். சங்கிலியின் மீது கூர்முனை சற்றுத் தொலைவில் இருக்கும்போதும் கோளம் ஒளிர்ந்தது. ஏறத்தாழ 0.5 மைக்ரோமீட்டர் தொலைவுக்கு ஆற்றல் கடந்தது உறுதியானது.

இழப்பு

இந்த அரை மைக்ரோமீட்டரே இம்முறையின் பெருங்குறையையும் காட்டுகிறது. ஊசலாடும் எதிர்மின்னிகள் மோதல்களால் ஆற்றலை வெப்பமாக இழக்கின்றன. நல்ல கண்ணாடி இழையில் ஒளி பாதியாகக் குறைய ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஆகும். எனவே நீண்ட கம்பிகளுக்கு மாற்றாக இச்சங்கிலிகளைக் கருதுவது பொருந்தாது. மிகக் குறுகிய இணைப்புகளுக்கே இவை ஏற்றவை. சிலிக்கான் துகள்களால் ஆன சங்கிலிகளில் இழப்பு மிகக் குறைவு. ஆனால் ஒத்ததிர்வு பெற அத்துகள்கள் பெரிதாக இருக்க வேண்டியுள்ளது.